அச்சமும் அறமும்: புதுமைப்பித்தனின் இருட்கதைகள்

(கட்கியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் குறளைப் பற்றிப் பேசுவோம். சிலம்பைப் பற்றிப் பேசுவோம். கம்பனைப் பற்றிப் பேசுவோம். அதுவே நம் வழக்கம். குத்துவிளக்கேற்றிக் கடவுள் வாழ்த்துப் பாடி மங்கலமாகத் தொடங்கிய இம்மாலைப் பொழுதில், நாம் பேயைப் பற்றிப் பேச எழுந்து நிற்கிறோம். இது முறையா என்று மூத்தோர் சிலர் எண்ணக்கூடும். முறைதான் என்று காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நம் பிள்ளைகள் இங்கே ஆங்கிலப் பள்ளிகளில் படிக்கின்றனர். ஆங்கில நாட்டுப் பேய்க்கதைகள் அவர்களுக்குப் பழக்கம். தமிழிலும் அத்தகைய கதைகள் உண்டா என்று அவர்கள் கேட்டால், நாம் பாட்டி கதைகளைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். உலகின் எந்த மொழிக் கதையோடும் ஒருங்கு நிற்கத் தக்க இருட்கதைகளைத் தமிழில் ஒருவர் எழுதியிருக்கிறார் என்பதை அவர்களுக்கு நாம் சொல்வதில்லை. இஃது ஒரு காரணம். அக்கதைகளை எழுதிய புதுமைப்பித்தன், தம் வாழ்வின் இறுதிக் காலத்தில் வேலை தேடி வந்து தங்கிய ஊர் நம்முடைய இந்தப் புனே நகரமே. இது மற்றொரு காரணம்.

முதலில் ஆங்கில நாட்டைச் சிறிது நோக்குவோம். அங்கே இவ்வகைக் கதைகள் பாழடைந்த கோட்டைகளில் பிறந்தன. 1764-இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை' என்னும் நூலையே அவற்றின் தொடக்கமாகக் கூறுவர். இருண்ட மாளிகை, நிலவறை, பழைய சாபம், நள்ளிரவில் நடமாடும் உருவம் ஆகிய இவைதாம் அக்கதைகளின் உறுப்புகள். பின்னர் மேரி ஷெல்லி என்னும் இளம்பெண், பிணங்களின் உறுப்புகளைக் கொண்டு உயிர் படைத்த அறிவியலாளன் ஒருவனின் கதையை எழுதினார். நாம் கூடியிருக்கும் இந்தக் கட்கியில் பேஷ்வாவின் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் போர் நடந்தது 1817 நவம்பர் 5-ஆம் நாள். அதற்குப் பின் இரண்டு திங்கள் கழியுமுன், 1818 ஜனவரி முதல் நாளில், 'பிராங்கன்ஸ்டைன்' இலண்டனில் வெளிவந்தது.

இருபதாம் நூற்றாண்டில் அந்த மரபை வேறு திசைக்குத் திருப்பியவர் டாப்னி டு மோரியர் என்னும் அம்மையார். 1907-இல் பிறந்து 1989-இல் மறைந்தவர். 1938-இல் வெளிவந்த 'ரெபெக்கா' என்னும் நாவலால் உலகப் புகழ் பெற்றவர். அந்நாவலில் இறந்துபோன முதல் மனைவியின் பேய் ஒருமுறைகூட வருவதில்லை. ஆயினும் அவளே மாளிகை முழுவதும் நிறைந்திருக்கிறாள். புதிதாய் வந்த மனைவிக்கோ கதை நெடுகிலும் பெயரே இல்லை. இறந்தவளுக்குப் பெயர் உண்டு. இருப்பவளுக்குப் பெயர் இல்லை. அவள் எவ்வாறு இறந்தாள் என்னும் உண்மையைக் கணவன் மறைத்து வைத்திருக்கிறான். அம்மறைவிலிருந்தே அச்சம் பிறக்கிறது.

அம்மையாரின் சிறுகதைகள் இன்னும் இருண்டவை. 1952-இல் வெளிவந்த 'பறவைகள்' என்னும் கதையில், கடற்கரைச் சிற்றூரில் வாழும் பண்ணைத் தொழிலாளி ஒருவனின் குடும்பத்தைப் பறவைக் கூட்டம் தாக்குகிறது. ஏன் தாக்குகிறது என்பதற்கு விடையே இல்லை. ஹிட்ச்காக் 1963-இல் இதனைத் திரைப்படமாக்கினார். 1971-இல் வெளிவந்த மற்றொரு கதையில், மகளைப் பறிகொடுத்த கணவனும் மனைவியும் வெனிஸ் நகருக்குப் போகிறார்கள். இறந்த குழந்தையை மறக்கப் போன இடத்தில், இருண்ட சந்தில் ஓடும் ஒரு சிறு உருவத்தைக் கண்டு, காப்பாற்ற வேண்டிய குழந்தை என்று எண்ணித் தந்தை பின்தொடர்கிறான், அழிகிறான். கோட்டையிலிருந்த அச்சத்தைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தவர் அவர். அவரை ஆங்கிலத்தில் படித்து நம் இளைஞர்கள் வியக்கிறார்கள். வியக்கத்தான் வேண்டும். ஆனால் அவருக்கு ஓராண்டு முன்னதாக, 1906-இல் பிறந்த தமிழர் ஒருவர், அதே பணியைத் தமிழில் செய்து முடித்துவிட்டு 1948-இலேயே மறைந்துவிட்டார் என்பதை அறிந்து வியப்போர் எத்தனை பேர்?

புதுமைப்பித்தனைப் பற்றிப் பேசுமுன், அவர் நின்ற நிலத்தைப் பார்க்க வேண்டும். தமிழ்ப் பேய் நேற்றுப் பிறந்ததன்று.

மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்துக் கதை ஒன்று வருகிறது. சார்ங்கலன் என்னும் இளைஞன் இரவில் தனியே சுடுகாட்டின் பக்கம் போகிறான். பிணத்தின் தலையை ஏந்தி ஆடும் பேயைக் காண்கிறான். ஓடி வந்து தாயிடம் சொல்லி, அச்சத்தாலேயே உயிர் விடுகிறான். கண்ணிழந்த தாய் கோதமை மகனின் உடலைச் சுமந்து வந்து தெய்வத்திடம் முறையிடுகிறாள். தெய்வங்கள் பலவும் கூடியும் போன உயிரை மீட்டுத் தர இயலவில்லை. பேய் அவனைத் தொடக்கூட இல்லை என்பதை நோக்குங்கள். அவனைக் கொன்றது அச்சமே. அச்சத்தின் இயல்பை நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தனர்!

அடுத்து, தொண்டை நாட்டுத் திருவாலங்காட்டுக்கு வருவோம். காரைக்கால் அம்மையாரைக் கணவன் பரமதத்தன் தெய்வமென அஞ்சி விட்டுப் பிரிந்தான். கணவனுக்கென இருந்த உடல் இனி வேண்டாவென்று, அம்மையார் பேய் வடிவம் வேண்டிப் பெற்றார். திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் இறைவன் ஆடும் கூத்தைப் பாடினார். அதே திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில்தான் நீலியின் கதையும் வழங்குகிறது. கணவனால் கொலையுண்ட பெண் பேயாகி வந்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ஊர் மன்றத்தில் வழக்குரைத்துப் பழி தீர்த்தாள். அவளுக்காக வணிகனிடம் வாக்குக் கொடுத்த வேளாளர் எழுபதின்மரும் தீப்பாய்ந்து சொல்லைக் காத்தனர். இக்கதை ஊருக்கு ஊர் சற்றே வேறுபடும். ஆயினும் மையம் ஒன்றே. பெண்ணுக்குத் தீங்கு இழைக்கப்பட்டது. வாழும் நாளில் அவளுக்கு நீதி கிடைக்கவில்லை. ஆகவே இறந்தபின் வந்து கேட்டாள்.

தென்பாண்டி நாட்டு இசக்கியம்மன் கதைகளும் பெரும்பாலும் இத்தகையனவே. வஞ்சிக்கப்பட்டு மாண்டவளுக்கு ஊரார் அஞ்சினர், அஞ்சியபின் கோயில் கட்டினர், கட்டியபின் வணங்கினர். நம் மரபில் பேய் என்பது தீராத கணக்கு. வாழ்வோர் மறந்தாலும் மாண்டோர் மறவாத கணக்கு.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நாம் வாழும் புனேயிலேயே சனிவார் வாடா நிற்கிறது. 1732-இல் முதலாம் பாஜிராவ் காலத்தில் எழுந்த மாளிகை அது. அங்கே 1773 ஆகஸ்ட் 30-ஆம் நாள் இளம் பேஷ்வா நாராயணராவ் காவற்படையினராலேயே வெட்டுண்டு மாண்டார். அவருடைய சிறிய தந்தை இரகுநாதராவே இதற்குப் பொறுப்பென்று நீதிபதி இராமசாஸ்திரி தீர்ப்புரைத்தார். 'பிடித்து வை' என்று எழுதிய ஓலையில் ஓர் எழுத்தை மாற்றிக் 'கொன்றுவிடு' என்று ஆக்கினர் என்பது செவிவழிச் செய்தி. 1828-இல் மூண்ட தீ அம்மாளிகையின் பெரும்பகுதியை அழித்தது. ஆயினும் முழுநிலா இரவில், "சிற்றப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்!" என்னும் குரல் மராட்டியில் கேட்கிறது என்று இவ்வூரார் இன்றும் கூறுவர். கேட்கிறதோ இல்லையோ நாம் அறியோம். ஆனால் ஊரார் அக்குரலை விடவில்லை. இரு நூற்றாண்டு கடந்தும் விடவில்லை. ஏன்? காப்பாற்ற வேண்டியவனே கொன்றான் என்னும் கணக்கு இன்னும் தீரவில்லை. அதனால் விடவில்லை.

இந்தப் பின்புலத்தில் புதுமைப்பித்தனைக் காண்போம். சொ. விருத்தாசலம் என்பது அவர் இயற்பெயர். திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார், திருநெல்வேலி அவர் வேரூன்றிய ஊர். 'மணிக்கொடி'யில் எழுதினார்; செய்தித்தாள்களில் பணி புரிந்தார். மேலை நாட்டு இலக்கியத்தை ஆழ்ந்து கற்றார். நாம் முன்னர்க் குறிப்பிட்ட மேரி ஷெல்லியின் நூலைப் 'பிரேத மனிதன்' என்னும் பெயரில் தமிழில் தந்தவரும் அவரே. ஒருபுறம் மேலை நாட்டு இருட்கதை. மறுபுறம் இசக்கியும் சுடலைமாடனும் காவல் நிற்கும் நெல்லை நாட்டு மண். இவ்விரண்டும் அவரிடத்தில் கலந்தன.

'பிரம்ம ராக்ஷஸ்' என்னும் கதையில், அறிவின் எல்லையைத் தாண்ட முயன்று உடலை இழந்த ஒருவன், மீண்டும் ஓர் உடல் பெறுவதற்காகக் காலங்காலமாய்க் காத்துக் கிடக்கிறான். 'கபாடபுரம்' நம்மைக் குமரிக் கடலின் அடியில் மூழ்கிய பழந்தமிழ் நகரத்துக்கு இட்டுச் செல்கிறது. இவற்றுள் மேலை நாட்டுச் சாயலும் உண்டு. சித்தர் மரபின் நிழலும் உண்டு. ஆயினும் இவ்வகையில் அவருடைய முடிமணியாய்த் திகழ்வது, 1943-இல் வெளிவந்த 'காஞ்சனை'யே.

அக்கதையில் கோட்டை இல்லை, நிலவறை இல்லை. சாதாரணக் குடித்தன வீடு. கதை எழுதிப் பிழைக்கும் கணவன். இல்லறம் நடத்தும் மனைவி. கணவன் தன் தொழிலைத் தானே எள்ளி நகையாடிக்கொண்டு கதையைச் சொல்கிறான். உறக்கம் கலைந்த ஓர் இரவில் பிணம் எரியும் நாற்றம் வருகிறது. பின்னர் ஊதுவத்தி மணம் வருகிறது. எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. பொழுது விடிகிறது. வாசலில் பிச்சைக்காரி ஒருத்தி வந்து நிற்கிறாள். மனைவி இரக்கங்கொண்டு அவளை வீட்டு வேலைக்கு அமர்த்துகிறாள். கணவனுக்கு நெஞ்சில் ஏதோ உறுத்துகிறது. மனைவிக்கோ எதுவும் தோன்றவில்லை. ஓர் இரவு மனைவியின் கழுத்தில் குண்டூசி முனையளவு இரத்தத் துளி காணப்படுகிறது. நள்ளிரவில் தெருவில் எதிர்ப்பட்ட ஒருவன் திருநீறு தருகிறான். கணவன் அதனை மனைவியின் நெற்றியில் இடுகிறான். வந்தவள் பின்பு வரவில்லை. எல்லாம் முடிந்தபின் மனைவி ஆண்களைப் பற்றிப் பொதுவாக ஒரு குறை கூறுகிறாள். கணவனுக்கு விடை சொல்லத் தெரியவில்லை. கதை அங்கே நின்றுவிடுகிறது.

பலர் இக்கதையைப் படித்துவிட்டு, "வந்தவள் பேயா, பெண்ணா?" என்று கேட்கின்றனர். அந்தக் கேள்விக்கு விடை தராதிருக்க ஆசிரியர் பெரிதும் முயன்றிருக்கிறார். நாம் கேட்க வேண்டியது வேறு கேள்வி. பசித்து வாசலில் வந்து நின்ற ஒருத்தியைக் கண்டு மனைவி இரங்கினாள், கணவன் அஞ்சினான். இருவரும் கண்டது ஒருத்தியைத்தான். ஒருவருக்கு இரக்கத்தையும் மற்றவருக்கு அச்சத்தையும் அவள் தந்தது எதனால்? மனைவியின் இறுதிச் சொல் இக்கேள்வியின் மேல் வந்து விழுகிறது. பெண்ணைக் கண்டு அஞ்சிப் பிரிந்த பரமதத்தனிலிருந்து இந்தக் கதை எழுதும் கணவன் வரை, அச்சம் நெடுந்தூரம் நடந்து வந்திருக்கிறது. நீலி ஊர் மன்றத்தில் நின்றாள். காஞ்சனை வாடகை வீட்டு வாசலில் நிற்கிறாள். இடம் மாறியிருக்கிறது, வழக்கு மாறவில்லை.

'காஞ்சனை' தொகுதியின் முன்னுரையில் தமக்குப் பேய் பிசாசுகளில் நம்பிக்கை உண்டா என்னும் கேள்வியைப் புதுமைப்பித்தனே எடுத்துக்கொள்கிறார். அவை இல்லை என்றே நம்புவதாகவும், ஆனாலும் அச்சமாக இருக்கிறதே என்றும் நகைச்சுவையோடு விடை கூறுகிறார். இதனை வெறும் நகைச்சுவை என்று தள்ளிவிடலாகாது. அறிவு பேயை விரட்டிவிடுகிறது. அச்சம் மட்டும் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கிய அச்சத்துக்குக் காரணம் என்ன என்று தேடினால் நம் மனச்சான்றின் வாயிலில் போய் நிற்போம். பேய் இல்லை என்று அறிவால் மெய்ப்பித்துவிடலாம். நாம் தீர்க்காத கணக்கு இல்லை என்று எவராலும் மெய்ப்பிக்க இயலாது.

இது நம் கற்பனை அன்று என்பதற்குச் சான்று வேண்டுமாயின், பேயே இல்லாத அவருடைய கதைகளைப் பாருங்கள். அவை பேய்க்கதைகளைவிட அச்சம் தருபவை.

'மகாமசானம்' என்று ஒரு கதை. பெருஞ்சுடுகாடு என்று பொருள். சுடுகாடு எங்கே? சென்னையின் மவுண்ட் ரோடே அச்சுடுகாடு! மாலை நேரத்து நெரிசலில், நடைபாதை ஓரத்தில், பிச்சைக்கார முதியவர் ஒருவர் இறந்துகொண்டிருக்கிறார். மற்றொரு பிச்சைக்காரன் அவருக்குத் தண்ணீர் கொடுக்கிறான். ஊர் கடந்து போகிறது. தந்தை மாம்பழம் வாங்கப் போன இடைவெளியில் ஒரு சிறுமி மட்டும் அதனை உற்றுப் பார்க்கிறாள். மணிமேகலையின் சுடுகாட்டில் பேய் ஆடியது. இந்தச் சுடுகாட்டில் கடிகாரமும் வண்டிகளும் ஓடுகின்றன. எது கொடிது?

'துன்பக் கேணி' 1935-இல் எழுதியது. நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதி என்னும் பெண்ணின் கதை. கடல் கடந்தால் வயிறு நிறையும் என்று நம்பிப் போனவளின் உடலும் மானமும் அங்கே சூறையாடப்படுகின்றன. தாய்க்கு நேர்ந்தது மகளையும் தேடி வருகிறது. ஆங்கிலக் கதைகளில் சாபம் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் என்று படிக்கிறோம். இங்கே தொடர்வது எந்த முனிவரும் இட்ட சாபமன்று. தோட்ட முதலாளியின் கணக்குப் புத்தகமே தொடர்கிறது.

'சாபவிமோசனம்' என்னும் கதையில் அகலிகை இராமனால் கல் உருவம் நீங்கிப் பெண்ணாகிறாள். சீதையை அதே இராமன் தீக்குளிக்கச் செய்தான் என்பதைச் சீதையின் வாய்மொழியாகவே பின்னர்க் கேட்கிறாள். கேட்டவள் மீண்டும் கல்லாகிறாள். முதன்முறை முனிவர் சாபத்தால் கல்லானாள். இம்முறை சாபமிட எவரும் இல்லை. பெண்ணுக்கு ஒரு நீதி, ஆணுக்கு ஒரு நீதி என்று கண்ட உள்ளம் தானே கல்லாயிற்று. உடல் சிலிர்க்கச் செய்யும் காட்சி இதனினும் வேறு உண்டோ?

இனி, நம் போன்றோர் எல்லோரும் படிக்க வேண்டிய 'செல்லம்மாள்' கதைக்கு வருகிறோம். இதுவும் 1943-இல் வெளிவந்ததே. நெல்லைச் சீமையை விட்டுச் சென்னைக்குக் குடியேறிய பிரமநாயகம் பிள்ளை, துணிக்கடையில் குறைந்த சம்பளத்துக்கு உழைக்கிறார். மனைவி செல்லம்மாள் தீராத நோயாளி. ஒருமுறை ஊருக்குப் போய்வர வேண்டும் என்பது அவள் ஆசை. நோய் முற்றிப் பிதற்றும்போது, கணவரையே தன் தாய் என்று எண்ணிப் பேசுகிறாள். ஒருநாள் இரவு அவள் உயிர் பிரிகிறது. கூப்பிட உறவினர் எவரும் இல்லை. பிள்ளை தனியே அவ்வுடலோடு இரவைக் கழிக்கிறார். மனைவியின் உடல்மீது ஈ அமராமல் விசிறுகிறார். பேய் வரவில்லை, இடி இடிக்கவில்லை. ஆனால் அந்த அறையின் தனிமை படிப்பவர் உள்ளத்தை விட்டு எளிதில் நீங்குவதில்லை. டு மோரியர் அம்மையாரின் கணவனும் மனைவியும் பொழுதுபோக்க வெனிஸ் சென்றவர்கள். செல்லம்மாளும் அவள் கணவரும் வயிற்றுக்காகச் சென்னை சென்றவர்கள். அவர்களுக்கு இறந்த மகளின் நினைவு பேயாயிற்று; இவர்களுக்கு விட்டு வந்த ஊரின் நினைவே பேயாயிற்று.

இக்கதையை எழுதி நான்கைந்து ஆண்டுகளில் அதன் நிழல் ஆசிரியர்மேலேயே விழுந்தது. 1947-இல் சிறையிலிருந்து விடுதலையான எம். கே. தியாகராஜ பாகவதர், 'ராஜமுக்தி' என்னும் படத்தைத் தயாரிக்கத் தொடங்கினார். அப்படம் புனேயில், பிரபாத் ஸ்டூடியோவில் உருவாயிற்று. அதற்கு உரையாடல் எழுதப் புதுமைப்பித்தன் இந்நகருக்கு வந்தார். அந்நாளில் புனா என்று வழங்கிய இந்நகரிலேயே காசநோய் அவரைப் பற்றியது. மனைவியும் சிறு குழந்தையும் தொலைவில், நோயோ நெஞ்சில். நோயோடு இங்கிருந்து தெற்கே திரும்பியவர், 1948-இல் திருவனந்தபுரத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 42. அவர் உரையாடல் எழுதிய படம் அவர் மறைந்தபின் அவ்வாண்டு அக்டோபரில் திரைக்கு வந்தது. மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள், 'கண்மணி கமலாவுக்கு' என்னும் பெயரில் பின்னாளில் நூலாயின. பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடம் 1960 முதல் திரைப்படக் கல்லூரியாக விளங்குகிறது. கட்கியிலிருந்து அது சிறிது தொலைவே. அவ்வழியே செல்லும் நம்மவருள் எத்தனை பேர், இங்கே புதுமைப்பித்தன் இருந்தார் என்று நினைத்திருப்போம்?

அன்பர்களே, இங்கே இரண்டு தடைகள் எழக்கூடும். பேய்க்கதை மூடநம்பிக்கையை வளர்க்காதா என்பது ஒன்று. பேயை நம்பச் செய்யும் கதை வளர்க்கும். நம்மை நாமே ஆராயச் செய்யும் கதை வளர்க்காது. புதுமைப்பித்தன் திருநீற்றைக் கொண்டும் நம்மைத் தேற்றுவதில்லை. அறிவியலைக் கொண்டும் தேற்றுவதில்லை. நம்மை ஐயத்தில் நிறுத்திவிடுகிறார். ஐயமே அறிவுக்கு முதற்படி.

அவர் கதைகளில் நம்பிக்கை ஒளி இல்லை, துன்பமே மிகுதி என்பது மற்றொரு தடை. உண்மைதான். அவர் மருந்து தருவதில்லை. ஆனால் புண்ணைத் துணியால் மூடி மேலே சந்தனம் பூசுவதுமில்லை. தமிழன் பெருமையைப் பேசும் நூல்கள் நமக்குப் பல உண்டு. தமிழன் யாரைக் கண்டும் காணாமல் நடந்தான் என்பதைப் பேசும் நூல்கள் சிலவே. பெருமை பேசும் மேடையில் இவற்றையும் பேசும் துணிவு ஒரு சங்கத்துக்கு வேண்டும். வெளியூரில் வாழும் சங்கத்துக்கு அது மிகுதியும் வேண்டும். ஏனெனில் நாம் எல்லோரும் யாரையேனும் ஊரில் விட்டு வந்தவர்கள். திருவிழாவுக்கு வருகிறோம் என்று எழுதிப் போகாதிருந்தோம். மருத்துவச் செலவுக்கு அனுப்புகிறோம் என்று சொல்லி மறந்தோம். நம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் பெயரைக்கூடச் சரியாகக் கேட்டறியாதிருக்கிறோம். இவை நம் கணக்குகள். இவற்றை நினைவூட்ட வருவோரைப் பேய் என்று பெயரிட்டு அஞ்சாமல், வாசற்கதவைத் திறந்து விசாரிக்கும் பழக்கம் நமக்கு வருமாயின், அவ்வளவே அக்கதைகளின் பயன்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்களை இவ்வவைமுன் வைக்கிறோம். புதுமைப்பித்தன் நூல்கள் 2002-இல் தமிழ்நாட்டரசால் நாட்டுடைமையாக்கப்பட்டன. பதிப்புகளுக்குக் குறைவில்லை. திங்களுக்கு ஒருமுறை, ஒரு வீட்டில், ஒரு கதை என்று உரக்கப் படிப்போம். தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளும் கேட்கட்டும். 'ரெபெக்கா'வைப் படித்த பெண் 'காஞ்சனை'யையும் கேட்டால், இரண்டையும் ஒப்பிட்டுத் தானே பேசுவாள். அவளுக்கு நாம் உரை சொல்ல வேண்டியதில்லை.

மற்றொன்று, இங்கே அமர்ந்திருக்கும் பாட்டிமார்களுக்கு. நீலியின் கதை, இசக்கியின் கதை, உங்கள் ஊர்ப் புளியமரத்தடிக் கதை ஆகியவற்றை யாரேனும் எழுதிக்கொள்ளும்படி சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டா. எந்தப் பெண்ணுக்கு என்ன தீங்கு நேர்ந்தது, ஊர் ஏன் அஞ்சியது, பின்னர் ஏன் வணங்கியது என்பதை மறவாமல் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவை இடம் பெறட்டும். நீங்கள் சொல்லாமற் போனால், சனிவார் வாடாவில் கேட்கும் குரலை நம் பேரப்பிள்ளைகள் அறிவார்கள். பழையனூரில் கேட்ட குரலை அறியமாட்டார்கள்.

இருட்டில் அஞ்சும் பிள்ளையிடம், "அங்கே ஒன்றுமில்லை" என்று சொல்லி உறங்கச் செய்கிறோம். அது தாயின் கடமை. பிள்ளை வளர்ந்தபின், அங்கே யார் நின்றார், ஏன் நின்றார் என்று சொல்வது இலக்கியத்தின் கடமை. அக்கடமையைத் தமிழில் குறைவின்றிச் செய்த ஒருவர், தம் கடைசி வேலையை நம் ஊரில் செய்தார் என்னும் நினைவோடு இன்று வீடு திரும்புவோமாக.